கையெழுத்து வாங்குவதற்கு முன் வழிகளைச் சொல்லுங்கள்: புற்றுநோய் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் அரசு, அறக்கட்டளை, தனியார் மருத்துவமனைகளின் தலைமை மருத்துவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

உங்களில் ஒருவருடைய மருத்துவமனையிலிருந்து போன மாதம் எனக்கு ஒரு பதில் வந்தது. மார்பகப் புற்றுநோய்க்காக என் அக்காவின் இடது மார்பகத்தை அங்கே முழுவதுமாக எடுத்தார்கள். மார்பகத்தைக் காப்பாற்றும் வழியும் உண்டு என்று ஆபரேஷனுக்கு முன்னால் அவளிடம் யாராவது சொன்னார்களா, சொன்னதற்குப் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டிருந்தேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து உள்ளது, எனவே ஒப்புதல் முறைப்படி பெறப்பட்டது என்று பதில் எழுதியிருக்கிறார்கள். நான் கேட்ட கேள்விக்கு அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு இடத்தின் குறை என்று ஆகிவிடும். அக்காவோடும், அடுத்து சித்தப்பாவோடும் நான் ஏறி இறங்கிய எல்லா இடத்திலும் இதையே பார்த்தேன். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்குச் செய்த ஆபரேஷன் தவறு என்பது என் புகார் இல்லை. நன்றாகவே செய்தார்கள். தையல் ஆறியது, கை வீங்கவில்லை. தினம் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு காட்டு வேலை, ஆட்டு வேலை எல்லாம் பார்க்கிறாள். அவளிடம் கேட்காமல் முடிவு செய்தார்கள் என்பதுதான் என் புகார்.

நடந்தது இது. பயாப்ஸி முடிவு வந்த அன்று டாக்டர் அக்காவின் கணவரான மாமாவை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "ஆரம்ப நிலைதான், பயப்படாதீங்க. எடுத்துடலாம். வியாழக்கிழமை அட்மிட் பண்ணிடுங்க" என்றார். நோய் வந்தவள் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மாமா வெளியே வந்து "ஆபரேஷனாம்" என்று மட்டும் சொன்னார். எதை எடுக்கப்போகிறார்கள் என்பதை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. முழு மார்பகமும் போகப்போகிறது என்று அக்காவுக்குத் தெரிந்தது ஆபரேஷனுக்கு முந்தைய சாயங்காலம், வார்டில், ஒரு நர்ஸ் மூலமாக. அன்று ராத்திரிதான் ஒப்புதல் படிவம் வந்தது. பொடி எழுத்தில் ஆங்கிலம். ஆபரேஷனின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எம்.ஆர்.எம். என்று மூன்றே எழுத்து. முழு மார்பகத்தையும் அக்குள் நெறிகளையும் எடுப்பதைத்தான் சுருக்கி அப்படி எழுதுகிறார்கள். முதலில் மாமாவிடம் கையெழுத்து வாங்கினார்கள். பிறகு அக்காவிடம் நீட்டி, "இங்க போடுங்கம்மா" என்றார்கள். அவள் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். அவள் உடம்பைப் பற்றிய அந்தக் காகிதத்தில் அவளுக்குப் படிக்கத் தெரிந்தது அவள் பெயர் ஒன்றுதான்.

கால் ஏக்கர் நிலம் வாங்கினால்கூட, பத்திரம் எழுதுகிறவர் நான்கு எல்லையையும் படித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறார்.

பல மாதம் கழித்து செக்கப்புக்குப் போயிருந்தபோது ரத்தப் பரிசோதனை வரிசையில் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா அக்காவிடம் பேச்சுக் கொடுத்தார். அவருக்கும் மார்பகத்தில்தான் கட்டி, கிட்டத்தட்ட அதே அளவு. "எனக்குக் கட்டியை மட்டும்தான் எடுத்தாங்க, அப்புறம் கரண்ட் வெச்சாங்க" என்றார். கதிர்வீச்சு கொடுப்பதைத்தான் எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்போம். அக்கா பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு என்னைக் கேட்டாள்: "எனக்கும் அப்படிச் செஞ்சிருக்கலாமா?"

நான் அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுப்பவள். ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ள முடியும். அக்காவின் ஃபைலை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். கட்டி இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரே கட்டி. அக்குளில் நெறி கட்டியதாகத் தெரியவில்லை என்று ஸ்கேனில் எழுதியிருக்கிறது. பிறகு இப்படிப்பட்ட கட்டிகளுக்கு உலகம் என்ன செய்கிறது என்று தேடிப் படித்தேன்.

கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, மிச்ச மார்பகத்துக்குக் கதிர்வீச்சு கொடுக்கும் முறை நேற்று வந்ததில்லை. 1970களிலேயே அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷரும், இத்தாலியின் மிலான் நகரில் உம்பர்ட்டோ வெரோனேசியும் இதை முழு மார்பகத்தை எடுப்பதோடு நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க ஆய்வில் 1,851 பெண்கள், மிலானில் 701 பெண்கள். இருபது ஆண்டு அவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2002-இல் இரண்டு முடிவுகளும் வெளியாயின. உயிர் பிழைத்திருப்பதில் இரண்டு வழிக்கும் வித்தியாசம் இல்லை. மார்பகத்தைக் காத்துக்கொண்டவர்களுக்கு அதே இடத்தில் மறுபடி கட்டி வருவது மட்டும் கொஞ்சம் அதிகம்: மிலான் ஆய்வில் இருபது ஆண்டில் 100-க்கு ஏறக்குறைய 9 பேருக்கு வந்தது, முழுவதும் எடுத்தவர்களில் 2 பேருக்கு. கதிர்வீச்சைத் தவிர்த்தால் அதே மார்பகத்தில் மறுபடி வரும் ஆபத்து இரண்டரை மடங்குக்கும் மேல் கூடும் என்று அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக, கட்டியை மட்டும் எடுப்பதென்றால் கரண்ட் வைத்துக்கொள்ள வந்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் உங்களுக்குப் பாடம். நீங்கள் எத்தனையோ பேருக்கு இந்த முறையில் ஆபரேஷன் செய்திருப்பீர்கள். எனக்குப் புரியாதது, என் அக்காவிடம் இதைச் சொல்லாமல் விட்டது ஏன் என்பதுதான்.

சொல்லியிருந்தால் அவள் எதைத் தேர்ந்தெடுத்திருப்பாள்? ஒருவேளை முழுவதும் எடுப்பதையே கேட்டிருப்பாள். கதிர்வீச்சு மெஷின் இருக்கும் ஆஸ்பத்திரி எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். வாரத்தில் ஐந்து நாள், ஐந்து வாரம் என்றால் லாட்ஜில் தங்க வேண்டும். மகள் அப்போது பிளஸ் டூ. மக்காச்சோளம் அறுவடைக்கு நிற்கிறது, ஆடுகளை யார் மேய்ப்பது? இப்படி ஒரு கணக்கு போட்டு, "எடுத்துடுங்க, ஒரே வேலையா முடியட்டும்" என்று அவளே சொல்லியிருக்கலாம். அந்தக் கணக்குக்குள்ளும் நீங்கள் மட்டும் சொல்லக்கூடிய விவரங்கள் இருந்தன. ஐந்து வாரம் 25 முறை கொடுப்பதை மூன்று வாரத்தில் 15 முறையாகச் சுருக்கலாம் என்று இங்கிலாந்தில் நடந்த ஆய்வுகளின் பத்து ஆண்டு முடிவு 2013-இலேயே காட்டிவிட்டது. அதே நாட்டில் நான்காயிரம் பேருக்கு மேல் சேர்த்துச் செய்த இன்னொரு ஆய்வின் ஐந்து ஆண்டு முடிவு 2020-இல் வந்தது. ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தும் பலன் குறையவில்லை. எல்லா நோயாளிக்கும் எல்லா மெஷினிலும் இது முடியுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஐந்து வாரம் என்பதும் மூன்று வாரம் என்பதும் எங்களைப் போன்ற குடும்பத்துக்கு ஒன்றில்லை. மூன்று வாரம் என்றால் ஓரகத்தி ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அக்கா தங்கியிருப்பாள். அந்தப் பேச்சே நடக்கவில்லை. "எனக்கும் அப்படிச் செஞ்சிருக்கலாமா" என்ற கேள்விக்கு இன்றைக்கும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லக்கூடியவர்கள் கையெழுத்து இருப்பதாகப் பதில் எழுதுகிறார்கள்.

சித்தப்பாவுக்கு நடந்தது இதைவிட மோசம். புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்தில் வந்த புற்று. ஒரு முறை ஆபரேஷன் ஆகி நன்றாகத்தான் இருந்தார். மறுபடி வந்து நுரையீரலுக்கும் பரவிவிட்டது. டாக்டர் அவருடைய மகனை, எனக்குத் தம்பி முறை, வராந்தாவுக்குக் கூட்டிப்போய், "பெருசா ஒண்ணும் செய்ய முடியாது, கீமோ குடுத்துப் பார்க்கலாம்" என்றார். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று தம்பி கெஞ்சினான். அவரும் சரி என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் தம்பி பிடித்துக்கொண்டது "கீமோ குடுத்துப் பார்க்கலாம்" என்ற பாதியை. கொடுத்தால் குணமாகும் என்று நம்பினான். நகையை அடகு வைத்தான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை சித்தப்பாவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அவரோ நாளுக்கு நாள் வாடினார். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்காது, கஞ்சியை ஓரமாக ஊற்றித்தான் குடிப்பார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஊசி போட்டா வாய் திறந்துடுமாம்மா?" என்று கேட்டார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த ஊசிக்குப் போன இடத்திலேயே, வார்டிலேயே இறந்துபோனார். அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரித்து எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு காலம் இருக்கிறது என்பது தோராயமாகத் தெரிந்திருந்தால் முதலில் அதைத்தான் செய்திருப்பார்.

இந்த நிலையில் இருப்பவருக்கும் வழிகள் உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்கள் 422 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. குணமாக்க முடியாத தலை, கழுத்துப் புற்றில், வழக்கமான சிஸ்பிளாட்டின் ஊசியைவிட மெத்தோட்ரெக்சேட், செலிகாக்ஸிப் என்ற விலை குறைந்த மாத்திரைகளை வீட்டிலிருந்தே சாப்பிட்டவர்கள் கொஞ்சம் கூடுதல் காலம் இருந்தார்கள்: ஊசி பிரிவில் நடுமதிப்பு (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 6.1 மாதம், மாத்திரை பிரிவில் 7.5 மாதம். கடுமையான பக்கவிளைவும் குறைவு. சித்தப்பாவுக்கு அது பொருந்தியிருக்குமா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை. அப்படி ஒரு மாத்திரை வழி இருப்பதையாவது சொல்லியிருக்கலாம். கீமோவே வேண்டாம், வலியை அடக்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன் என்பதும் ஒரு வழிதான். அதை "ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லாதீர்கள், செய்ய நிறைய இருக்கிறது. கடும் வலிக்கான மருந்து மார்ஃபின் கிடைப்பதை எளிதாக்கப் போதைப்பொருள் சட்டத்தையே 2014-இல் திருத்தினார்கள். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து வலிநிவாரண, ஆதரவுச் சிகிச்சை தருவதும் சேர்ந்திருக்கிறது. சித்தப்பாவின் ஃபைலில் இதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. பாஸ்டனில் நுரையீரல் புற்று பரவிய நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-இல் வந்தது. ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, சராசரியாகக் கூடுதல் காலமும் வாழ்ந்தார்கள், கடைசி நேரக் கடும் சிகிச்சைகள் அவர்களுக்குக் குறைவாக இருந்தும்.

வேறு புற்றுகளிலும் இதே கதைதான். குரல்வளைப் புற்று என்றால் குரல்வளையை எடுப்பது மட்டுமே வழி என்று நினைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. கீமோவும் கதிர்வீச்சும் கொடுத்து மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளின் குரல்வளையைக் காப்பாற்ற முடியும், ஆயுளும் குறைவதில்லை என்று அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 1991-இலேயே காட்டியது. புராஸ்டேட் சுரப்பிக்குள்ளேயே நிற்கும் புற்றில் ஆபரேஷன், கதிர்வீச்சு, உடனே சிகிச்சை தராமல் கண்காணிப்பது என்று மூன்று பிரிவாகப் பிரித்து இங்கிலாந்தில் 15 ஆண்டு பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவில் மூன்றிலுமே அந்தப் புற்றால் இறந்தவர்கள் 100-க்கு 3 பேர் அளவுதான். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குக் கீமோ தொடங்குகிறீர்கள் என்றால், கருமுட்டையைச் சேமித்து வைக்கும் வழியை முதல் ஊசிக்கு முன்னால் சொன்னால்தான் பயன். ஆறு மாதம் கழித்துச் சொல்லி என்ன செய்வது?

நீங்கள் சொல்லக்கூடிய காரணங்கள் எனக்குத் தெரியும். உங்கள் ஓபி வராந்தாக்களிலேயே காத்திருந்தவள் நான்.

நேரமில்லை என்பீர்கள். உண்மைதான். ஒரு காலை நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ஆளுக்கு அரை மணி நேரம் கேட்பது நியாயமில்லை. எல்லாவற்றையும் மருத்துவரேதான் சொல்ல வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. டாடா நினைவு மருத்துவமனை 'கேவட்' என்ற பெயரில் நோயாளிக்கு வழிகாட்டுவதற்கென்றே ஆட்களைப் பயிற்றுவித்து வைத்திருக்கிறது. ரிப்போர்ட் என்ன சொல்கிறது, அடுத்து எங்கே போக வேண்டும், யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று கூடவே நிற்பதுதான் அவர்கள் வேலை. நம் ஊரில் சமூகப்பணி படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளுக்கா பஞ்சம்?

சொன்னாலும் புரியாது என்பீர்கள். இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்காவுக்கு ஐந்து வருஷத்துக்கு தமாக்ஸிஃபென் எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. கட்டிதான் போய்விட்டதே என்று பாதி நாள் போடாமல் விட்டாள். பிறகு ஒரு நாள் முதுநிலை படிக்கும் இளம் டாக்டர் ஒருவர் ஓபி சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். உன் கட்டி பெண் ஹார்மோனைத் தின்று வளரும் வகை, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒன்றிரண்டு செல் இருந்தால் அதற்கு அந்தச் சாப்பாடு கிடைக்காமல் இந்த மாத்திரை தடுக்கும் என்றார். பத்து நிமிடம் ஆகியிருக்கும். அன்றிலிருந்து அக்கா ஒரு நாள் விடவில்லை. அந்தச் சீட்டை இன்னும் ஃபைலில் வைத்திருக்கிறாள். விவசாயக் கடன், பயிர்க் காப்பீடு, மகளின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் பார்த்துக்கொள்ளும் மனுஷிக்கு இது மட்டும் எப்படிப் புரியாமல் போகும்?

"நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரி டாக்டர்" என்று அவர்களே சொல்கிறார்களே என்பீர்கள். ஆமாம், சொல்கிறோம். வேறு வழி இருப்பதே தெரியாதபோது அதைத்தான் சொல்ல முடியும். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வீர்களோ, நாளைக்குக் கவனிக்காமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயமும் அதில் இருக்கிறது. எல்லாம் தெரிந்த பிறகும் "நீங்களே சொல்லுங்கள்" என்கிறவர்கள் இருப்பார்கள். அதுவும் அவர்கள் முடிவு, அதை மதிக்கலாம்.

சொன்னால் பயந்து ஓடிப்போய்விடுவார்கள், போலி வைத்தியரிடம் போய்விடுவார்கள் என்பதுதான் நீங்கள் சொல்வதில் கனமான காரணம். எங்கள் ஊரிலும் அப்படிப் போய் நோயை முற்றவிட்டு வந்தவர்கள் உண்டு. ஏன் போனார்கள் என்று கேட்டிருக்கிறேன். அங்கே உட்கார வைத்துப் பேசினார், எல்லாம் விளக்கினார், எப்போது போன் பண்ணினாலும் எடுத்தார் என்றுதான் சொன்னார்கள். அந்த ஆள் விளக்கியது அத்தனையும் பொய். ஆனால் விளக்குவதற்கு ஒருவர் இருந்தார் என்பதற்காகவே போயிருக்கிறார்கள். உண்மை தெரிந்த நீங்கள் பேசாமல் விட்ட இடத்தில்தான் அவர்கள் கடை போடுகிறார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருகிறவரிடம், அட்டையில் வராத சிகிச்சையைப் பற்றி வாயே திறப்பதில்லை; இவர்களால் முடியாது என்று நீங்களே முடிவு செய்துவிடுகிறீர்கள். பணம் கட்டிப் பார்க்க வருகிறவரிடம் விலை அதிகமான வழி முதலில் வருகிறது, மலிவானது கேட்டால்தான் வருகிறது. எது காப்பீட்டில் அடங்கும், எது அடங்காது, அடங்காததால் எவ்வளவு கூடுதல் பலன், எவ்வளவு செலவு என்று சொல்லிவிடுங்கள். கடன் வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டில் உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே எழுதியிருக்கிறது. சிகிச்சை என்ன, எதற்கு, என்ன பலன், வேறு வழிகள் உண்டா, முக்கியமான ஆபத்துகள் என்ன, சிகிச்சையை மறுத்தால் என்ன ஆகும் என்ற தகவல்களைக் கொடுத்த பிறகு நோயாளி தருவதுதான் ஒப்புதல். அரிதினும் அரிதான ஆபத்துகளை எல்லாம் அடுக்கத் தேவையில்லை என்றும் சொல்லி, மருத்துவர்கள் பக்க நியாயத்தையும் அந்தத் தீர்ப்பு பார்த்தது. அந்த வழக்கில் ஒரு பெண் மயக்கத்தில் இருந்தபோது அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையை எடுத்துவிட்டார்கள். நோயாளி வயது வந்தவர், சுயமாக முடிவெடுக்கக்கூடியவர் என்னும்போது தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். மாமாவிடம் முதல் கையெழுத்து வாங்கிய உங்கள் வார்டுகளில் இந்தத் தீர்ப்பைப் படித்துக் காட்டுங்கள். தேசிய மனித உரிமைகள் ஆணையம் தயாரித்து 2018-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட நோயாளிகள் உரிமைச் சாசன வரைவில் 17 உரிமைகள் உண்டு. தகவல் பெறுவது, இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்பது, மாற்றுச் சிகிச்சை இருந்தால் தேர்ந்தெடுப்பது எல்லாம் அதில் இருக்கின்றன.

தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்க எத்தனை பேரிடம் போராடினார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். (என் அக்காவும் சித்தப்பாவும் சிகிச்சை பெற்றது அங்கே இல்லை.) புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்து என்ன பயன் என்று கேட்ட காலம் அது. அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்து, இத்தனை வழிகளைக் கையில் வைத்திருக்கிறீர்கள். அவற்றை நோயாளியின் முன் எடுத்து வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் கோரிக்கைகளைத் தனித்தனியாக எழுதுகிறேன், பதிலும் அப்படியே வேண்டும்.

மார்பகம், கருப்பை வாய், வாய் மற்றும் தொண்டை, வயிறு, குடல், நுரையீரல், புராஸ்டேட் என்று நீங்கள் அதிகம் பார்க்கும் புற்றுகள் ஒவ்வொன்றுக்கும் தமிழில் இரண்டு பக்கக் கையேடு அச்சிடுங்கள். எந்த நிலைக்கு என்னென்ன வழிகள், எத்தனை நாள் வர வேண்டும், என்ன பக்கவிளைவு, எது காப்பீட்டில் அடங்கும் என்பது அதில் இருக்கட்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதையே குரலில் பதிவு செய்து போனில் கொடுங்கள். பயாப்ஸி முடிவு சொல்லும் அன்றே அது நோயாளியின் கைக்கு வர வேண்டும்.

ஒப்புதல் படிவம் தமிழில் வேண்டும், சுருக்கெழுத்து இல்லாமல். அதில் 'எனக்குச் சொல்லப்பட்ட மற்ற வழிகள்' என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும்; அது காலியாக இருந்தால் ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்பக் கூடாது. அவசர ஆபரேஷன் தவிர மற்றதற்கு முந்தைய ராத்திரி கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். சுயநினைவோடு இருக்கும் நோயாளியின் கையெழுத்துக்குப் பதிலாகக் கணவர், மகன், அண்ணன் கையெழுத்தை வாங்காதீர்கள்.

குடும்பத்தைத் தனியே கூப்பிடுவதற்கு முன்னால் நோயாளியிடம், "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க, யாரைக் கூட வெச்சுக்கிட்டுப் பேசலாம்?" என்று கேளுங்கள். அவர் சொன்ன பதிலை ஃபைலில் எழுதுங்கள்.

கீமோவோ கதிர்வீச்சோ தொடங்கும்போது அது குணமாக்கவா, கட்டுப்படுத்தவா, வலியைக் குறைக்கவா என்பதைச் சிகிச்சைச் சீட்டின் முதல் வரியில் தமிழில் எழுதுங்கள். குணமாக்க முடியாத நிலை என்றால் அன்றே வலிநிவாரண ஆதரவுப் பிரிவுக்கும் அனுப்புங்கள்.

பல துறை மருத்துவர்கள் சேர்ந்து சிகிச்சையைத் தீர்மானிக்கும் உங்கள் டியூமர் போர்டு கூடி எடுத்த முடிவின் நகலை நோயாளிக்குக் கொடுங்கள். எந்த வழியை ஏன் விட்டோம் என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும். ரிப்போர்ட், ஸ்கேன் சிடி, பயாப்ஸி ஸ்லைடு, பிளாக் (எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்தது) ஆகியவற்றை இன்னொரு இடத்தில் காட்டக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளிலேயே இருக்கிறது.

ஒவ்வொரு புற்றுநோய்ப் பிரிவிலும் பயிற்சி பெற்ற, தமிழில் பேசும் நோயாளி வழிகாட்டி ஒருவரையாவது நியமியுங்கள். அவர் உட்காரும் இடத்தை ஓபி வாசலில் எழுதி வையுங்கள்.

எனக்குப் பதில் எழுதிய மருத்துவமனைக்குத் தனியாக ஒரு கோரிக்கை. அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, என் அக்காவை அழைத்து, அவளுடைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, அவளுக்கு என்னென்ன வழிகள் இருந்தன, ஏன் இதைச் செய்தோம் என்று அவளிடமே சொல்லுங்கள். முழுவதும் எடுத்தது சரிதான் என்று அப்போது தெரிந்தால் எங்களுக்கு அது பெரிய ஆறுதல். மார்பகத்தைத் திரும்ப அமைத்துக்கொள்ளும் ஆபரேஷன் அவளுக்குப் பொருந்துமா, காப்பீட்டில் அடங்குமா என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இப்போதாவது அந்த முடிவை அவள் எடுக்கட்டும்.

இந்த மடலின் நகலை மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளருக்கும் அனுப்பியிருக்கிறேன். மேலே கேட்டவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் என்று ஒவ்வொரு மருத்துவமனையும் எழுத்தில் சொல்லி, உங்கள் ஓபி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் தங்கை,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.